ஆதம் பாய் படகும் இரண்டு லிட்டர் நல்லெண்ணெயும்

வேல்விழி டீச்சர் வேலையை விட்டுவிட்டாள் என்ற செய்தி மேலகரத்தில் எங்கள் தெருவுக்கு வந்துசேர அரை நாள் ஆகிவிட்டது. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இருந்தாலும் அந்தத் தாமதத்துக்கு நான் பொறுப்பில்லை. அன்றைக்குப் பார்த்து நான் தென்காசிக்குப் பல்லைக் காட்டப் போயிருந்தேன்.

ஒன்பது வருடம் ஒரு தனியார் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள். புருஷன் விஜய்பாண்டி ராணுவத்தில், ராஜஸ்தான் பக்கம். மாதம் பிறந்தால் சம்பளம், மே மாதம் லீவு என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பு. அதை விட்டுவிட்டு ஆட்களை வேனில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோய், படகில் உட்காரவைத்து, சிப்பி பொறுக்கக் கற்றுக்கொடுத்து, பறவை காட்டப் போகிறாளாம். தெருவில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். தென்காசிப் பக்கம் ஏது கடல்?

அவள் கணக்கு வேறு. குற்றாலம் அருவியில் தண்ணீர் விழுகிற மாதங்களில் ஊர் உலகமே நம்மைத் தேடி வருகிறது. அருவி பாறையைக் காட்டிக்கொண்டு நிற்கிற மாதங்களில் நாம் என்ன செய்கிறோம்? வீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் கதை பேசுகிறோம். இதைச் சொல்லும்போது அவள் ஏன் என்னைப் பார்த்தாள் என்று எனக்குப் புரியவில்லை. நமக்குத் தண்ணீர் வற்றும் அந்த மாசி, பங்குனியில்தான் கடல் காற்றடங்கிக் கிடக்குமாம். அப்போது நாம் போவோம் என்றாள்.

இதற்கெல்லாம் முதலில் படகு வேண்டும். திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு சின்னக் கடற்கரை ஊரில் ஆதம் பாய் என்று ஒருவர். ஆட்களை ஏற்றிப் போக முறையாக அனுமதி வாங்கி, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டோடு ஓடுகிற படகு அந்தக் கரையில் அவருடையது ஒன்றுதான். போன வருடம் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனதில் வேல்விழிக்குப் பழக்கம். ஆனால் அதற்குப் பிறகு எங்கிருந்தோ வந்த ஒரு கூட்டம் அவர் படகில் ஏறி, மணல் திட்டில் உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்த சங்குகளையெல்லாம் சாக்கில் அள்ளிவிட்டது. கரையில் பிடிபட்டார்கள். பாயின் அனுமதியே போகப் பார்த்து, ஆறு மாதம் அலைந்து மீட்டிருக்கிறார். அதனால் போனில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. அவள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், நான் என்ன செய்ய?

"ஒரு நடை வாங்க, டீச்சர். உங்க ஆளுக எப்படின்னு பாக்கேன். சரியா இருந்தா மாசத்துல ரெண்டு சனிக்கிழமை உங்களுக்குத்தான். இல்லைன்னா அதுக்குப் பொறவு போன் போடாதீங்க."

வேலையை விட்டாயிற்று. படகு ஒன்றே ஒன்று. பரீட்சையும் ஒரே ஒரு தடவை. அவள் நிலைமை இதுதான்.

படகு இருந்தால் போதுமா? பதினாலு பேர் சேர வேண்டும். அதற்கு அவள் நல்லகண்ணு அண்ணாச்சி வீட்டுக்குப் போனாள். அண்ணாச்சி சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், அவர் மீசைக்கும் குரலுக்கும் இன்னும் உத்தரவு வரவில்லை. தினமும் காலையில் குற்றாலம் ரோட்டில் முன்னால் அவர் நடப்பார், பின்னால் ஒன்பது பேர் நடப்பார்கள். அவர் நின்று ஷூ கயிறு கட்டினால் ஒன்பது பேரும் நிற்பார்கள். அவர் "போவோம்" என்று ஒரு வார்த்தை சொன்னார், ஒன்பது பெயரும் விழுந்தது. அதில் ஒன்று அவர் மனைவி பாலம்மாள் மைனி. இன்னொன்று குற்றாலீஸ்வரன், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். சீசன் இல்லாத மாதங்களில் வாரம் ஒருமுறை அண்ணாச்சியின் முதுகு அவன் பொறுப்பு. வெளியாள் நாலு பேர். அதில் நான் ஒருத்தி. பாதித் தெரு வேனில் போகும்போது மீதித் தெருவில் உட்கார்ந்துகொண்டு நான் யாரைப் பார்ப்பது?

வேல்விழி சும்மா கூட்டிப் போகிற ஆள் இல்லை. பொங்கல் கழிந்த வாரம் எங்களை மூன்று ஆட்டோவில் ஏற்றி, ஐந்தருவிப் பாதையில் இருக்கிற படகுக் குளத்துக்குக் கொண்டுபோய் ஒத்திகை வைத்தாள். ஒவ்வொருவராக ஏறணும், நடுவில் கால் வைக்கணும், உட்கார்ந்த பிறகு எழும்பக் கூடாது. நாங்கள் மிதிபடகில் ஏறி மிதித்ததில் முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் சுற்றினோம். ஆனாலும் ஒருவரும் எழும்பவில்லை. அவள் முகத்தில் திருப்தி.

பிறகு வாட்ஸ்அப்பில் நிகழ்ச்சி நிரலும் விதிகளும் வந்தன. உயிருள்ள சங்கு, சிப்பியை எடுக்கக் கூடாது. காலிக் கூடும் ஆளுக்கு ஐந்துக்கு மேல் கூடாது. சோப்பு, பிளாஸ்டிக், சத்தம் கூடாது. காலை ஆறே முக்காலுக்குப் படகு. எட்டே முக்காலுக்குக் கரை. ஒன்பது மணிக்குக் கடல் குளியல்.

தப்பு எங்கே நடந்தது தெரியுமா? அந்தக் கடைசி வரியில். அவள் வாசுதேவநல்லூர்ப் பெண், இங்கே வாழ வந்தவள். குளியல் என்று எழுதினால் மேலகரத்துக்காரன் அதை எப்படிப் படிப்பான் என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்களுக்கு ஓடுகிற தண்ணீர், விழுகிற தண்ணீர், கிடக்கிற தண்ணீர் எதில் இறங்கினாலும் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வைக்காமல் இறங்கிப் பழக்கமில்லை. வைத்தால் மட்டும் போதாது. ஊற வேண்டும். ஒன்றரை மணி நேரமாவது ஊற வேண்டும். அண்ணாச்சி நிகழ்ச்சி நிரலைப் படித்துக் கணக்குப் போட்டிருக்கிறார். படகில் இரண்டு மணி நேரம் சும்மாதானே உட்கார்ந்திருக்கப் போகிறோம்? ஏறுவதற்கு முன்னால் தேய்த்துக்கொண்டால், பறவையைப் பார்க்கிற நேரத்தில் எண்ணெயும் ஊறிவிடும், இறங்கினதும் குளியல். டீச்சர் நேரத்தை எவ்வளவு பொருத்தமாகப் போட்டிருக்கிறாள் என்று அவளைப் பாராட்டவும் செய்தாராம். அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

மாசி இரண்டாவது சனிக்கிழமை விடியலுக்கு முன்னால் வேன் கிளம்பியது. உப்பளம் தாண்டும்போது வெளிச்சம் வந்தது. தண்ணீருக்குள் ஒற்றைக் காலில் நின்ற பூநாரைக் கூட்டத்தைக் காட்டி வேல்விழி வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் பார்த்தோம். அண்ணாச்சிகூட வாயைத் திறக்கவில்லை. நல்ல சகுனம் என்று நினைத்திருப்பாள், பாவம்.

கரைக்கு வந்ததும் எங்களை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு அவள் ஆதம் பாயோடு படகைப் பார்க்கப் போனாள். போய்வரக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் வேன் சீட்டுக்கு அடியிலிருந்து செக்கு எண்ணெய்க் கேன் வெளியே வந்தது. இரண்டு லிட்டர். குற்றாலீஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டினான். அவன் கையைச் சொல்ல வேண்டும். சீசனில் ஒரு நாளைக்கு நாற்பது முதுகு பார்க்கிற கை. ஆண்களை வரிசையில் நிறுத்தித் தலை, தோள், முதுகு என்று தட்டியும் வழித்தும் எடுத்தான். பெண்கள் நாங்கள் வேனுக்கு அந்தப் பக்கம் போய் ஒருத்திக்கு ஒருத்தி வைத்துக்கொண்டோம். நானும்தான். மறைக்க என்ன இருக்கிறது?

வேல்விழியும் ஆதம் பாயும் திரும்பி வந்தபோது நாங்கள் பதினாலு பேரும் இளவெயிலில் பளபளவென்று நின்றுகொண்டிருந்தோம்.

ஆதம் பாய் ஒல்லியான மனிதர், ஐம்பது வயது இருக்கும். முதலில் எங்களைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். எண்ணெயோடு ஒரு ஆளும் தன் படகில் ஏறக் கூடாது என்று சத்தம் போடாமல் சொன்னார். தளம் ஃபைபர். இந்தக் கால்களோடு ஒரு ஆள் வழுக்கினால் நாலு பேர் தண்ணீருக்குள் போவார்கள். ஜாக்கெட்டு உடம்பில் நிற்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாங்கள் இறங்கப் போகிற மணல் திட்டில் முழங்கால் தண்ணீர்தான். அதில் பதினாலு எண்ணெய்ச் சட்டிகள் இறங்கினால் மேலே படலம் கட்டும், கீழே இருக்கிற உயிருக்கு மூச்சு முட்டும். வத்தம், அதாவது கடல் வற்றித் திட்டு வெளியே தெரிகிற நேரம், இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருக்கும். முடிவை டீச்சரே சொல்லட்டும் என்று படகின் ஓரத்தில் சாய்ந்து நின்றுகொண்டார்.

வேல்விழி கோபப்படுவாள் என்று பார்த்தேன். கோபப்படவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த இடத்தில்தான் எனக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்தது, சொல்லாமல் இருக்க முடியாது.

யாரோ பக்கத்துத் தெருக் குழாயில் குளித்துவிடலாம் என்றார்கள். அங்கே இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, குடம் வரிசையில் இருக்கிறது, அதை நம் எண்ணெய்க்கு ஊற்ற முடியாது என்று ஒரே வாக்கியத்தில் அதை மூடினாள். பிறகு காய்ந்த மணலைக் காட்டினாள். எண்ணெய் இருக்கிற இடமெல்லாம் மணலைப் போட்டுத் தேய்த்து உதிர்க்க வேண்டும். அதன்மேல் சீயக்காய்ப் பொடியை உலரவே தடவித் துண்டால் துடைக்க வேண்டும். சீயக்காய்க்கு என்ன பஞ்சம்? எண்ணெய் கொண்டுவந்த கூட்டம் சீயக்காய் இல்லாமலா வரும்? பாலம்மாள் மைனி பையில் அரைக் கிலோ இருந்தது.

துடைத்தது போதுமா என்று பார்க்க ஆதம் பாய் ஒரு வழி வைத்திருந்தார். பழைய செய்தித்தாளைக் கிழித்து ஆளின் தோளில் ஒத்தி எடுத்தார். தாள் கண்ணாடி மாதிரி ஆனால் திரும்ப மணல். ஆகாவிட்டால் படகு. பஜ்ஜிக்குச் செய்கிற மரியாதைதான். பெண்களுக்கு அதை வேல்விழி செய்தாள். வெளியாள் நாலு பேரும் முதலில் வரிசைக்கு வந்தோம். நான் மூன்று தாளில் தேறினேன்.

அண்ணாச்சி நகரவில்லை. அவர் நகராததால் அவர் ஒன்பது பேரும் நகரவில்லை. ஆதம் பாய் தாளோடு பக்கத்தில் போனதும் அவர் மீசை எழும்பியது.

"என் மேல பேப்பரை ஒத்திப் பாக்க நீரு யாருவே?" என்றார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இந்த ஒம்பது பேரும் உன் முகத்தைப் பாத்தா வந்திருக்காவ? என் முகத்தைப் பாத்து வந்திருக்காவ. ஞாபகம் வச்சுக்கோ."

அது உண்மை என்று எல்லோருக்கும் தெரியும். ஆதம் பாய்க்கும் தெரிந்துவிட்டது. அண்ணாச்சியை அப்படியே ஏற்றினால் பாயின் படகு இன்றோடு போச்சு. ஏற்றாவிட்டால் மேலகரத்தில் ஆள் சேர்ப்பது இன்றோடு போச்சு. நான் துண்டை உதறுவதை நிறுத்திவிட்டேன், ஒரு வார்த்தை தவறிவிடக் கூடாது பாருங்கள்.

"அண்ணாச்சி, துடைச்சா வாங்க," என்றாள் வேல்விழி. "துடைக்கலைன்னா கரையில இருங்க. வத்தம் எனக்காவும் நிக்காது, உங்களுக்காவும் நிக்காது."

"நான் இல்லாம இவங்க வர மாட்டாவ."

"சரி. நாலு பேரோட போறேன்."

சொல்லிவிட்டு எங்கள் நாலு பேருக்கும் ஜாக்கெட் மாட்டத் தொடங்கிவிட்டாள். என் ஜாக்கெட் வாரைக் கட்டும்போது அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வாரைத்தான் கொஞ்சம் அதிகமாக இறுக்கினாள்.

பாலம்மாள் மைனி தன் கையிலிருந்த இட்லித் தூக்கைப் புருஷன் கையில் கொடுத்தாள். அவரும் பழக்கதோஷத்தில் வாங்கிக்கொண்டார். அவள் சேலையைச் சொருகிக்கொண்டு மணலில் உட்கார்ந்து, கை நிறைய அள்ளிப் புறங்கையில் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். இரண்டு நிமிடம் போயிருக்கும். நடைக் கூட்டத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்தார். பிறகு இரண்டு பேர். பிறகு அண்ணாச்சி தவிர வரிசையாக எல்லோரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், சீயக்காய்ப் புழுதியில் தும்மிக்கொண்டே தேய்த்தார்கள்.

தேறாதவன் குற்றாலீஸ்வரன் மட்டும்தான். ஏழு தாள் ஒத்தியும் அவன் உள்ளங்கை விடவில்லை. இருபது வருட எண்ணெய், ரேகைக்குள் குடியிருக்கிறது. தான் அண்ணாச்சிக்குத் துணையாக இருப்பதாக அவனே சொல்லிக்கொண்டு பின்வாங்கினான். நாங்கள் பன்னிரண்டு பேர் ஏறினோம், ஒவ்வொருவராக, நடுவில் கால் வைத்து. அரை மணி நேரம் போயிருந்தது.

கடலைப் பற்றி நான் என்ன சொல்ல? அருவி நம்மேல் வந்து விழும். இது நம்மைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறது. ஆலாக்கள் என்று வெள்ளையாகக் கொஞ்சம் பறவை, நின்ற இடத்திலிருந்து கல் விழுகிற மாதிரி தலைகுப்புற விழுந்து மீனோடு எழும்பின. திட்டு வந்ததும் வேல்விழி எங்களை இறக்கி, கால் வைக்கிற இடம் பார்த்து நடக்கச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் இப்படிப் பேசியிருந்தால் அந்தப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவை. ஐந்து விரல் நீட்டினது மாதிரி ஒரு சங்கு தன்பாட்டுக்கு மணலில் கோடு இழுத்துக்கொண்டு போனது. எடுக்கவில்லை, குனிந்து நின்று வழிவிட்டோம். நான் ஒரு அழகான கூட்டைப் பொறுக்கினேன். உள்ளேயிருந்து ஒரு நண்டு காலை நீட்டியது. அது அந்த நண்டுக்குச் சொந்த வீடு இல்லையாம், வேறொருவர் காலி செய்துவிட்டுப் போன வீடாம். உடம்பு பெருத்தால் அதையும் விட்டு இதைவிடப் பெரியது பார்த்துப் போகுமாம், சில சமயம் பல நண்டுகள் வரிசையில் நின்று வீடு மாற்றிக்கொள்ளுமாம். யார் எந்த வீட்டுக்குப் போனார்கள் என்று அங்கே ஒருத்தி கவனித்துக்கொண்டிருக்க மாட்டாளா என்று எனக்கு ஒரே ஏக்கமாகிவிட்டது. கூட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

திரும்பும்போது ஓங்கல் வந்தது. டால்பினை அந்தக் கரையில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒன்று, இரண்டு என்று முதுகு காட்டி, பிறகு எண்ண முடியவில்லை. படகுக்கு இரண்டு பக்கமும் கூடவே ஓடி வந்தன. எல்லோருக்கும் எழும்ப வேண்டும்போலத்தான் இருந்தது. ஒருவரும் எழும்பவில்லை. ஆதம் பாய் இன்ஜினைக் குறைத்துவிட்டு அவற்றைப் பார்க்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையில் அண்ணாச்சி ஒரு பழைய வள்ளத்தின் நிழலில் குப்புறப் படுத்திருந்தார். குற்றாலீஸ்வரன் மூன்றாவது சுற்று தேய்த்துக்கொண்டிருந்தான். கேனில் எண்ணெய் இல்லை, தூக்கில் இட்லி இல்லை.

மற்றவர்கள் குளிக்கப் போனபோது நான் செருப்பைத் தேடுகிற மாதிரி படகுப் பக்கம் நின்றேன். ஆதம் பாய் எங்கள் பைகளைப் பார்த்துவிட்டு வந்தார். ஆளுக்கு ஐந்துக்கு மேல் ஒன்றும் இல்லை, உயிருள்ளது ஒன்றும் இல்லை. ஜாக்கெட்டுகளை முகர்ந்து பார்த்தார். சீயக்காய் வாசம் மட்டும் போகாது போலிருக்கே என்று முணுமுணுத்தார்.

"ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை," என்றார். "ஆனா டீச்சர், உங்க ஊர்ல அந்தப் பெரியவரு இல்லாம ஆள் சேந்திருமா?"

"அது என் பாடு," என்றாள் அவள்.

அந்தப் பாடு திரும்புகிற வழியில் ஆலங்குளத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்த அண்ணாச்சி, வேனில் ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டை நிறுத்தச் சொன்னார். இனிமேல் இந்தப் பொண்ணுகூடக் கடலுக்குப் போகிறவர்கள் யாரும் காலையில் தன்னோடு நடக்க வர வேண்டாம் என்று, ஸ்டேஷனில் ரோல்கால் எடுக்கிற குரலில் அறிவித்தார். ஒன்பது பேரும் அவரவர் கால் விரலைப் பார்த்தார்கள்.

வேல்விழி முன் சீட்டிலிருந்து எழும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி நின்றாள். கையில் நோட்டு. பாய் மாதம் இரண்டு நாள் கொடுத்துவிட்டார், வருகிற நாலாவது சனிக்கிழமைக்குப் பதினாலு இடம் என்று சொன்னாள். அண்ணாச்சி சொன்னதையும் எல்லோரும் கேட்டுக்கொண்டீர்கள், யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். அவர் பெயரையும் எழுதத் தயார், ஆனால் எல்லோருக்கும் அதே சட்டம்தான். குரலில் ஒரு கெஞ்சல் வேண்டுமே? கிடையாது.

வேன் ஒரு மேடு ஏறி இறங்கியது.

"ஏட்டி, எனக்கு எழுதிக்கோ," என்றாள் பாலம்மாள் மைனி.

அண்ணாச்சி கழுத்தை மட்டும் திருப்பினார். "அன்னைக்கு வீட்டுல எனக்குச் சோறு?"

"அரிசி டப்பாவுல இருக்கு. குக்கர் அடுப்புக்குப் பக்கத்துல இருக்கு. மூணு விசில் போதும்," என்று சொல்லிவிட்டு அவள் டீச்சரிடம் திரும்பினாள். "எனக்கு ஓரத்துச் சீட்டு வேணும். அந்த ஓங்கல் என் பக்கமா வரல."

பாவூர்சத்திரம் வருவதற்குள் நோட்டில் பதினோரு பெயர் விழுந்துவிட்டது. அதில் எட்டு அண்ணாச்சி ஆட்கள். நாளைக் காலையில் அவரோடு நடக்க யார் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். குற்றாலீஸ்வரன் மட்டும்தான். அவனும் கையில் உறை மாட்டிக்கொண்டால் ஏற்றுவார்களா என்று டீச்சரிடம் மெல்ல விசாரித்துக்கொண்டிருந்தான்.

டீ குடிக்க இறங்கினபோது அண்ணாச்சி என் பக்கமாக வந்து நின்றார். கொஞ்ச நேரம் கிளாஸை ஊதினார். மற்றவர்கள் தள்ளி நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

"அந்த மீனு, நிசமாவே படகுகூட ஓடி வந்துச்சோ?" என்றார்.

இந்தத் தெருவில் ஒரு விஷயம் கேட்டு நான் சொல்லாமல் இருந்தது கிடையாது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நோட்டில் இன்னும் மூன்று இடம் காலி இருக்கிறதே.

"அண்ணாச்சி, அதெல்லாம் வாயால சொன்னா வெளங்காது," என்று சொல்லிவிட்டு டீயை முடித்தேன்.